அந்த மஞ்சள் பாலிதீன் துண்டு: நான் நடத்தாமல் விட்ட பாதிப் பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவே படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் என் மனைவிக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. இப்போது நலம். வாக்கர் இல்லாமல் அடுப்படி வரை போய் வருகிறாள். போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னிடம் பிளஸ் டூ படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது மேஜை மேல் ஒரு மாதிரி மூட்டு இருந்தது. மேலே பளபளவென்று உலோகம். கீழே ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் தேங்காய்ச் சில்லு போல வெள்ளையாக ஒரு துண்டு.

"சார், இந்த வெள்ளை என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நாற்பது வருஷம் கழித்து மாணவன் வாத்தியாரைக் கேள்வி கேட்கிறான்! தடவிப் பார்த்தேன். மெழுகு பூசினதுபோல் வழுவழு என்று இருந்தது.

"பாலிஎத்திலீனா?"

"அதேதான் சார். நீங்க நடத்துனதுதான். சங்கிலி மட்டும் ரொம்ப நீளம். உங்க பாடத்தைத்தான் நாளைக்கு அம்மா முழங்கால்ல வைக்கப் போறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆபரேஷன் பயம் பாதி. மீதிப் பாதி ஒரு பழைய கணக்கு.

2002-க்குப் பிறகு என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பலபடிகள் பாடம் வரும் அன்று ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவருவேன். உள்ளே கசங்கிய மஞ்சள் பாலிதீன் துண்டு ஒன்று இருக்கும். "இது ஒரு மாட்டு வயிற்றில் இருந்து எடுத்தது" என்பேன். முன் பெஞ்சில் இருக்கிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். யார் வீட்டு மாடு, யார் வீட்டுப் பை என்று எந்த வருஷமும் நான் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பாடம். வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்திலீன் வாயு உங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. வாழைத்தாரை மூட்டம் போடும்போது காயைப் பழுக்க வைப்பது அதுதான். அரிசிப் பானைக்குள் ஒரு பழுத்த மாம்பழத்தைக் காய்களோடு வைத்தால் எல்லாம் பழுக்கிறதே, அதற்கும் அதுவே காரணம். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். இரண்டு கார்பனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு.

மைதானத்தில் உங்களை இரண்டிரண்டு பேராக நிற்க வைத்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொள்ளச் சொன்னேனே, அதுதான் எத்திலீன். பிறகு ஒரு கையை மட்டும் விட்டு, பக்கத்து ஜோடியின் கையைப் பிடிக்கச் சொன்னேன். மொத்த வகுப்பும் ஒரே வரிசையாகி விட்டது. அது பாலிஎத்திலீன். கடைத்தெருவில் பாலிதீன். உங்கள் வரிசையில் நாற்பது பேர். ஒரு சாதாரணப் பையின் சங்கிலியில் ஆயிரக்கணக்கான எத்திலீன்கள். என் மனைவி முழங்காலில் இருக்கும் ரகத்தில் லட்சத்துக்கும் மேல்.

இதை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1898-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் பெக்மான் என்பவரின் சோதனைக் குழாயில் வெள்ளையாக ஏதோ படிந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் கடுமையான அழுத்தத்தில் சூடாக்கினார்கள். எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. கலத்தின் சுவரில் மெழுகு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. திரும்பச் செய்து பார்த்தபோது வெடித்தது. 1935-ல் கருவியில் கசிவு ஏற்பட்டு, மறுபடி எத்திலீனை நிரப்பினார்கள். அதில் கலந்திருந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கிவைக்கிறது என்று அப்போது புரிந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள். போரில் விமான ரேடார் கருவிகளின் கேபிளுக்கு உறையாக அது போனது.

அந்த முறையில் வரும் சங்கிலியில் கிளைகள் நிறைய இருக்கும். சீமைக்கருவேல முள்ளை வெட்டி வண்டியில் ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு அமுக்கினாலும் இடைவெளி இருக்கும். பால் பாக்கெட், மெத்தென்று சத்தம் போடாத பை எல்லாம் இந்த ரகம். குறை அடர்த்தி பாலிஎத்திலீன். 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்ளர் ஒரு வினைவேகமாற்றியைக் கண்டுபிடித்தார். பெரிய அழுத்தம் இல்லாமலே கிளையில்லாத நேர்ச்சங்கிலி கிடைத்தது. இது கரும்புக் கட்டு. நெருக்கமாக அடுங்கும், உறுதியாக நிற்கும். இது உயர் அடர்த்தி பாலிஎத்திலீன். சீக்ளருக்கும் இத்தாலியின் நாட்டாவுக்கும் 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் கரும்புக் கட்டு. 4 என்று இருந்தால் முள் கட்டு.

'பயன்கள்' என்ற தலைப்பை நான் உற்சாகமாக நடத்துவேன். அதற்குக் காரணம் என் அம்மா.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பித்தளைக் குடத்தில் அரை மைல் சுமந்து வருவாள். வெறும் குடமே மூன்று நாலு கிலோ இருக்கும். இடுப்பில் குடம் அழுத்திய இடத்தில் தோல் கறுத்துப் போயிருந்தது. பிளாஸ்டிக் குடம் வந்த வருஷம், காலிக் குடத்தை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு, "இதுல தண்ணி நிக்குமாலே?" என்று கேட்டாள். நின்றது. கீழே போட்டாலும் நசுங்கவில்லை. அந்த ஒரு குடத்துக்காக, பாலிமர் கண்டுபிடித்த எல்லோருக்கும் நான் கடன்பட்டவன். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று யாராவது பேசினால் எனக்கு அம்மா இடுப்புதான் ஞாபகம் வரும்.

மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர் டேங்க், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் எல்லாம் இதே குடும்பம்தான். ஏன் கறுப்பு? கரித்தூள் கலந்திருக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் சங்கிலியை வெட்டாமல் அந்தக் கரி தடுக்கிறது. கரி இல்லாத வாளியை வெயிலில் போட்டு வைத்தால் சில வருஷத்தில் அப்பளம் போல் நொறுங்கும்.

முழங்காலுக்கு வருவோம். 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பு டெஃப்லான் வைத்துப் பார்த்தார். சீக்கிரம் தேய்ந்துபோனது. மிக நீளச் சங்கிலி பாலிஎத்திலீன் தாக்குப்பிடித்தது. இரத்தமும் உப்பும் நிறைந்த உடம்புக்குள் அது அரிக்காது, கரையாது. ஆனால் அங்கேயும் தேய்மானம் உண்டு. உதிரும் நுண்துகள்களால் பக்கத்து எலும்பு பலவீனமாகலாம் என்று டாக்டரே சொன்னார். "நல்லா பார்த்துக்கிட்டா இருபது வருஷம் ஓடும் சார்" என்றார்.

இப்போது முக்கியமான இடம். பரீட்சைக்கு நான் எழுதிப் போட்ட விடை இது: "பாலிஎத்திலீன் வேதிவினைகளில் எளிதில் ஈடுபடாது. நீரை ஈர்க்காது. அமில, காரங்களால் பாதிக்கப்படாது." இரண்டு மதிப்பெண். தலைப்பு, பயன்கள். 'குறைகள்' என்று ஒரு தலைப்பை நான் கரும்பலகையில் எழுதியதே இல்லை. கேள்வித்தாளில் வராது. எழுதியிருந்தால் அதற்கும் இதே மூன்று வரிகள்தான் விடை.

மாடு வைக்கோல் தின்கிறது. வைக்கோலில் இருக்கும் செல்லுலோசும் ஒரு பலபடிதான், குளுக்கோஸ் சங்கிலி. ஆனால் ஒரு குளுக்கோசுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்த இடத்தில் கத்தி வைத்து வெட்டத் தெரிந்தவை. பாலிதீன் சங்கிலியில் கார்பனுக்கு அடுத்து கார்பன், அதற்கு அடுத்தும் கார்பன். கத்தி வைக்க இடமே கிடையாது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிருக்கும் இதே கஷ்டம்தான். அதனால்தான் மக்குவதில்லை. வெயில் உடைத்தாலும் பொடியாகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை. அந்தப் பொடி மண்ணுக்கும் கடலுக்கும் போகிறது.

இதெல்லாம் எனக்கு 2001-லும் தெரியும்.

அந்த வருஷம் தை மாதம் என் மகள் கல்யாணம். தாம்பூலப் பைக்குத் துணியில் அச்சடிக்க ஒன்றுக்கு ஆறு ரூபாய் கேட்டார்கள். பாலிதீன் பை முக்கால் ரூபாய். 800 பை. நான் கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் 4,200 ரூபாய் மிச்சம் என்பது உடனே வந்துவிட்டது. என் மனைவி, "மஞ்சப் பையே குடுப்போமே, நாலு பேரு வச்சுப் புழங்குவாங்க" என்றாள். நான் அவளுக்கும் பாடம் நடத்தினேன். நனையாது, கிழியாது, பழத்தின் ஈரம் கசியாது. மஞ்சள் நிறத்தில், சிவப்பு எழுத்தில், 'இல்லத் திருமண விழா' என்று போட்டு, கீழே என் இனிஷியலோடு பெயர். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

கல்யாணம் முடிந்து மூன்று நாள் கழித்து நம் தெரு முனையில், குப்பை மேட்டில், கண்மாய்க் கரையில் எல்லாம் என் பெயர் கிடந்தது. பழத்தோலை உள்ளே போட்டு முடிச்சுப் போட்டு எறிந்திருந்தார்கள். எங்கள் வீட்டு மிச்ச சாப்பாட்டையும் நாங்கள் அப்படித்தான் கட்டி எறிந்தோம்.

அடுத்த வருஷம் ஆடியில் என் அக்காவின் செவலை மாடு தீனி எடுக்காமல் நின்றது. அசை போடவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. மாமா போன பிறகு அக்காவுக்கு வருமானமே அந்த மாட்டுப் பால்தான். கை வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டு, மாட்டு டாக்டரைக் கூட்டி வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. விடியற்காலையில் செத்துப்போனது. டாக்டர் வயிற்றைக் கிழித்துக் காட்டினார். சாக்கு நிறையும் அளவுக்குப் பை, கயிறு, கவர். எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கி ஒரு பெரிய பந்து மாதிரி. மாடு முதலில் விழுங்கும், பிறகு சாவகாசமாக அசை போடும். உள்ளே சோற்று வாசனை வந்தால் முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையா இருக்கிறது? பையோடு விழுங்கிவிடும்.

அந்தப் பந்தில் ஒரு மஞ்சள் துண்டு. அக்கா அதை இழுத்து எடுத்து, கையில் விரித்துப் பார்த்தாள். 'திருமண' என்ற எழுத்து இருந்தது. கீழே என் இனிஷியல் இருந்தது. ஒன்றரை வருஷம் மாட்டு வயிற்றின் புளிப்பிலும் சூட்டிலும் கிடந்தும் எழுத்து முழுசாக அழியவில்லை.

என் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இது மக்காதாமே, உனக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊரில் எனக்குத்தான் படிப்பு. "தெரியும்க்கா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அந்தத் துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்கு ஒரு கிடாரிக் கன்று வாங்கிக் கொடுத்தேன். "என் தம்பி போல யாரும் உண்டா" என்று சாகும் வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். 2019-ல் போய்ச் சேர்ந்தாள். நான் கடைசிவரை சொல்லவில்லை. வகுப்பில் எழுத்து இருக்கும் பக்கம் தெரியாதபடி மடித்துத்தான் ஜாடிக்குள் வைத்திருந்தேன். முன் பெஞ்சில் இருந்த உங்களுக்கும் அது தெரியாது.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன்னால் அக்காவின் மூத்த மகனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அம்மா உங்கள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா மாமா. ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்" என்றான். சரிதான். சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் என் மனைவியிடமும் இதைச் சொன்னேன். அந்த டாக்டர் கேட்ட கேள்வியில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வச்சது இருபது வருஷம் உழைக்கணும். அந்தப் பை மண்டபத்துல இருந்து வீட்டு வாசல் வரைக்கும்தானே உழைச்சுது" என்றாள். முப்பது வருஷம் வேதியியல் நடத்திய எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை. நூறு வருஷம் இருக்கப்போகும் பொருளை நூறு மாதமாவது உழைக்கும் வேலைக்கு வைக்க வேண்டும். குடத்துக்கு வை, குழாய்க்கு வை, டேங்குக்கு வை, முழங்காலுக்கு வை. பத்து நிமிஷ வேலைக்கு அது வேண்டாம்.

சில பேர் எழுதிக் கேட்டிருந்த சந்தேகங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

எரித்துவிடலாமே? சுத்தமான பாலிதீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். மெழுகுவர்த்தி போல எரியும். ஆனால் தெருக்குப்பை சுத்தமான பாலிதீன் இல்லை. சாயம், மருந்துப் பட்டை, குளோரின் உள்ள பி.வி.சி. எல்லாம் அதில் கலந்திருக்கும். மூட்டம் போட்டதுபோல் அரைகுறையாகப் புகையும்போது நச்சு வாயுக்கள் வரும். எரிக்காதீர்கள்.

பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வாரே? குடத்தையும் கேனையும் எடுப்பார். பால் கவரையும் கழுவிக் காயவைத்தால் எடுப்பார். மெல்லிய கேரி பேக் ஒன்று ஐந்து கிராம் என்றால் ஒரு கிலோவுக்கு 200 பை பொறுக்க வேண்டும். யார் பொறுக்குவார்கள்? பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டாக வெட்டி எறியாதீர்கள். கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

சூடான சாம்பார் வாங்கலாமா? பாலிதீன் உருகாது. ஆனால் சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அந்தப் பையில் கலந்திருக்கும் சின்ன மூலக்கூறுகள் சாம்பாருக்குள் இறங்க வழி உண்டு. தூக்குவாளி எடுத்துப் போங்கள்.

நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் பூக்காரம்மா கவரில்தான் போட்டுத் தருகிறார். நாமும் கையை வீசிக்கொண்டுதான் போகிறோம். துணிப்பை மேல் எனக்குக் குருட்டுப் பக்தியும் இல்லை. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். பத்துத் துணிப்பையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தால் அதுவும் வீண்தான். ஒரு பையைக் கிழியும் வரை தூக்க வேண்டும்.

வருகிற தை மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். மாணவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பத்திரிகை வரும். தாம்பூலம் மஞ்சப் பையில்தான். இந்த முறை என் மனைவி சொன்னபடி. பையில் யார் பெயரும் போடவில்லை. மறுநாள் காய் வாங்கப் போகும்போது அந்தப் பையை எடுத்துப் போனால் போதும், மொய்யே வேண்டாம்.

அந்த ஜாடி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. நேற்று அந்தத் துண்டை வெளியே எடுத்து, எழுத்து தெரிகிற பக்கம் வெளியே வரும்படி மடித்துத் திரும்பப் போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் இனிமேல் முழுப் பாடத்தையும் நடத்துவேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்